தெற்காவணி மூல வீதியும் தங்கத்தின் 79ஆம் எண்ணும்

மதுரை தெற்காவணி மூல வீதியில் நகைக்கடைகளுக்கு நடுவே தரம் பார்க்கும் கடைகள் உண்டு. பழைய வளையலைப் போட்டுப் புதியது எடுக்க வருகிறவர்களின் நகை முதலில் அங்கேதான் போகும். முன்பெல்லாம் உரைகல்லில் ஓர் இழுப்பு, அதன்மேல் ஒரு சொட்டுத் திராவகம், பத்தரின் கண்மதிப்பு, அவ்வளவுதான் சோதனை. இப்போது மேசைமேல் ஒரு பெட்டி இருக்கிறது. மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் சின்னத் துவாரத்தின்மேல் வளையலை வைத்து மூடுகிறார்கள். ஒரு நிமிடம் ஆகுமோ ஆகாதோ, பக்கத்துக் கணினித் திரையில் பட்டியல் வந்துவிடுகிறது: தங்கம் 91 சொச்சம், செம்பு இவ்வளவு, வெள்ளி இவ்வளவு, துத்தநாகம் துளி. வளையலில் ஒரு கீறல் கிடையாது.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் இரண்டு கேள்விகள் எழ வேண்டும். வெட்டாமல், உருக்காமல், கரைக்காமல், உள்ளே என்ன உலோகம் எத்தனை பங்கு என்று பெட்டிக்கு எப்படித் தெரிந்தது என்பது ஒன்று. இதைப் பலரும் கேட்பார்கள். மற்றதை யாரும் கேட்பதில்லை: தங்கத்தோடு சேர்க்க எத்தனையோ உலோகங்கள் இருக்க, ஏன் செம்பும் வெள்ளியும்? பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் தனிம வரிசை அட்டவணையில் 11ஆம் நெடுவரிசையைப் பாருங்கள். மேலிருந்து கீழாகச் செம்பு, வெள்ளி, தங்கம். துத்தநாகம் செம்புக்குப் பக்கத்துக் கட்டம். செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றுமே அணுக்களை ஒரே விதமாக அடுக்கிப் படிகமாகும் உலோகங்கள். வெள்ளி அணுவும் தங்க அணுவும் ஏறக்குறைய ஒரே பருமன். எந்த விகிதத்தில் உருக்கினாலும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். அட்டவணை என்று ஒன்று வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பொற்கொல்லர் கை அதன் ஒரு நெடுவரிசையைக் கண்டுபிடித்துவிட்டது.

அட்டவணை நிற்பது இந்த இரண்டு கேள்விகளின் விடைகளில்தான். இடமிருந்து வலமாகப் போகும் ஒழுங்கை ஓர் எண் தீர்மானிக்கிறது. மேலிருந்து கீழாக இறங்கும் ஒழுங்கை உறவு தீர்மானிக்கிறது. கிடையாகப் போவதைத் தொடர் என்றும் செங்குத்தாக இறங்குவதைத் தொகுதி என்றும் நம் பாடநூல்கள் சொல்லும். ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம் என்று முதல் 20 பெயர்களை ஒப்பிக்க வைக்கும் வகுப்பில் மாணவனுக்குக் கிடைப்பது ஒரு நீளமான பட்டியல் மட்டும். அந்தப் பட்டியலை எந்த எந்த இடத்தில் மடிக்க வேண்டும் என்பதுதான் அட்டவணை. அதைச் சொல்லித்தராமல் ஒப்பிக்கச் சொல்வது வீண் வேலை.

மடிக்கும் இடத்தைத் துணிந்து சொன்னவர் ரஷ்யாவின் திமித்ரி மெண்டலீவ். 1869இல் தெரிந்திருந்த தனிமங்கள் 63. அணுவுக்குள் என்ன இருக்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது; எலக்ட்ரான் கண்டறியப்பட இன்னும் 28 ஆண்டுகள் இருந்தன. ஒவ்வொரு தனிமத்தின் அணு நிறை, அது எதனோடு என்ன விகிதத்தில் சேரும் என்ற விவரம், இவைதான் அவர் கையில் இருந்தவை. நிறை ஏறும் வரிசையில் எழுதிக்கொண்டே போனால் குணங்கள் திரும்பி வந்தன. தண்ணீரில் போட்டால் நுரைத்துப் பொங்கும் மென்மையான உலோகம் லித்தியம். ஏழு இடம் தள்ளி அதே சுபாவத்தோடு சோடியம். இன்னும் ஏழு இடம் தள்ளிப் பொட்டாசியம். இப்படித் திரும்பி வருவதைத்தான் ஆவர்த்தனம் என்கிறோம். குணம் திரும்பும் இடத்தில் அவர் மடித்தார்; ஒத்தவை ஒரே பத்தியில் சேர்ந்தன.

இதே வழியில் யோசித்தவர்கள் வேறு சிலரும் உண்டு. ஜெர்மனியின் லோதர் மேயர் அவர்களில் ஒருவர். மெண்டலீவ் தனித்து நிற்பது இடம் காலியாக விட்ட தைரியத்தால். அலுமினியத்தின் உறவாக ஒரு தனிமம் இருந்தாக வேண்டும், அதன் அடர்த்தி 5.9 அளவில் இருக்கும் என்று எழுதி வைத்தார். 1875இல் பிரான்சின் லெகோக் த புவாபோத்ரான் ஒரு தாதுவின் ஒளியில் அதுவரை பார்த்திராத ஊதா நிறக் கோடுகளைக் கண்டு, காலியம் என்ற உலோகத்தைப் பிரித்தெடுத்தார். அடர்த்தி 4.7 என்று அளந்தார். அது சரியாக இருக்க முடியாது, மறுபடி அளந்து பாருங்கள் என்றார் மெண்டலீவ். நன்றாகச் சுத்தம் செய்து மறுபடி அளந்தால் 5.9! பொருளைக் கையில் வைத்திருந்தவரின் அளவு தப்பாகவும், அதைக் கண்ணாலும் காணாதவரின் கணக்கு சரியாகவும் இருந்தது. (காலியம் 30 டிகிரிக்குச் சற்றுக் குறைவிலேயே உருகும். மதுரையின் சித்திரை மாத வெயிலில் மேசை மேலேயே குழம்பாகிவிடும்.)

ஆனால் நிறை வரிசையில் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. அயோடின் எல்லா விதத்திலும் குளோரின், புரோமின் ஆகியவற்றின் சொந்தம். உப்பீனிகளின் பத்தியில்தான் அது இருக்க வேண்டும். டெல்லூரியமோ கந்தகத்தின் சொந்தம், அதற்கு முந்தைய பத்தி. ஆனால் நிறையைப் பார்த்தால் டெல்லூரியம் 127.6, அயோடின் 126.9. நிறைப்படி வைத்தால் இரண்டும் தப்பான குடும்பத்தில் போய் உட்காரும். மெண்டலீவ் உறவை நம்பி டெல்லூரியத்தை முன்னால் வைத்தார். அதன் நிறையை அளந்ததில்தான் பிழை என்று கடைசிவரை கருதினார். அளவில் பிழையே இல்லை. கோபால்ட்டும் நிக்கலும் அதே தகராறு செய்தன. பிற்பாடு வந்த ஆர்கானும் பொட்டாசியமும் அப்படியே. நிறை ஏறக்குறைய சரியான வரிசையைத் தந்தது, ஆனால் அது உண்மையான வரிசை அல்ல. அப்படியானால் உண்மையான எண் எது?

அதற்கு அணுவுக்குள் போக வேண்டும். மதுரைக்காரர்களுக்கு இதற்குத் தனியாகப் படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை. நடுவே மீனாட்சி கோயில் கருவறை. மதிலுக்கு உள்ளேயே அதைச் சுற்றி ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. அணுவின் நடுவே அணுக்கரு. அதில் நேர் மின்னூட்டமுள்ள புரோட்டான்கள். அவற்றின் எண்ணிக்கைக்குச் சமமாக எதிர் மின்னூட்டமுள்ள எலக்ட்ரான்கள், கூடு கூடாகச் சுற்றிலும். எந்தக் கூட்டில் எத்தனை பேருக்கு இடம் என்பதில் கறாரான கணக்கு உண்டு: முதல் கூட்டில் 2, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 18, நான்காவதில் 32. ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். எலக்ட்ரான் தேர்போல வீதியில் ஓடுவதில்லை. கூடு என்பது பாதை அல்ல, ஆற்றலின் நிலை. உள் வீதியில் இருப்பது கருவால் இறுகப் பிடிக்கப்பட்டது, கடைசி வீதியில் இருப்பது தளர்வாகப் பிடிக்கப்பட்டது. வெளியூரிலிருந்து வரும் இன்னோர் அணு சந்திப்பது அந்தக் கடைசி வீதியைத்தான். வேதியியல் என்று நாம் சொல்லும் சேர்க்கை, பிரிவு எல்லாம் அங்கேதான் நடக்கிறது.

இனி எண்ணிக்கொண்டே போகலாம். ஹைட்ரஜனில் 1, ஹீலியத்தில் 2. ஆடி வீதி நிறைந்தது, அட்டவணையின் முதல் தொடர் இரண்டே கட்டங்களில் முடிந்தது. லித்தியத்தின் மூன்றாவது எலக்ட்ரான் சித்திரை வீதிக்கு வருகிறது. அங்கே எட்டும் நிறைந்து நியானில் முடிகிறது. 11ஆவது ஆளான சோடியம் ஆவணி மூல வீதியைத் திறக்கிறது. லித்தியத்துக்கும் கடைசி வீதியில் ஒன்று, சோடியத்துக்கும் கடைசி வீதியில் ஒன்று. மெண்டலீவ் காரணம் தெரியாமல் கண்டுகொண்ட உறவு இதுதான்.

பொட்டாசியத்தில் ஒரு திருப்பம். ஆவணி மூல வீதியில் 18 பேருக்கு இடம் இருந்தும் 8 பேர் வந்ததுமே 19ஆவது எலக்ட்ரான் மாசி வீதிக்குத் தாண்டிவிடுகிறது. அங்கே இருப்பதுதான் அதற்கு ஆற்றலில் மலிவு. கால்சியத்தின் 20ஆவதும் அப்படியே. அதற்குப் பிறகு வரும் பத்துத் தனிமங்களில், ஸ்காண்டியம் முதல் துத்தநாகம் வரை, விட்டுப்போன உள்வீதி இடங்கள் நிரப்பப்படுகின்றன. அட்டவணையின் நடுவில் பள்ளமாகத் தெரியும் பத்து நெடுவரிசைகள், அதாவது இடைநிலைத் தனிமங்கள், வந்தது இப்படித்தான். தொடர்களின் நீளம் 2, 8, 8, 18, 18, 32, 32 என்று ஒழுங்கில்லாமல் இருப்பதாகத் தோன்றும். வீதிகள் நிரம்பும் முறைதான் அந்த நீளங்கள். கூட்டினால் 118.

செம்புக்கு வருவோம். அதன் 29 எலக்ட்ரான்கள் 2, 8, 18, 1 என்று நிற்கின்றன. ஒற்றை எலக்ட்ரான் மாசி வீதியில். வெள்ளியின் 47: 2, 8, 18, 18, 1. ஒற்றை ஆள் வெளி வீதியில். தங்கத்தின் 79: 2, 8, 18, 32, 18, 1. மதுரையில் வீதி தீர்ந்துவிட்டது, ஒற்றை ஆளைப் பைபாஸ் ரோட்டில்தான் நிறுத்த வேண்டும். மூன்றுக்கும் கடைசி வீதியில் ஒன்று, அதற்கு உட்புற வீதியில் 18. தொகுதி என்பது இதுதான்.

சோடியத்துக்கும் கடைசியில் ஒன்றுதானே, பிறகு ஏன் தங்கம் சோடியம் மாதிரி இல்லை என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். மெண்டலீவே இவற்றை ஒரே முதலாம் தொகுதியில்தான் வைத்திருந்தார். ஆனால் சோடியத்தை மண்ணெண்ணெய்க்குள் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. கீழடியில் தோண்டியெடுத்த பொன் அணிகலத் துண்டுகளோ இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணில் கிடந்தும் பொன்னாகவே வந்தன. வித்தியாசம் உட்புற வீதியில் இருக்கிறது. சோடியத்தின் ஒற்றை எலக்ட்ரானுக்கும் கருவுக்கும் இடையே நிற்கும் 8 பேர் கருவின் இழுப்பை நன்றாகவே மறைக்கிறார்கள். அதனால் அது எளிதில் கைநழுவிப் போகும். செம்பு, வெள்ளி, தங்கத்தில் இடையே நிற்கும் 18இல் கடைசியாகச் சேர்ந்த பத்தும் மறைப்பதில் சோடை. கருவின் இழுப்பு ஒற்றை ஆள்வரை வந்து எட்டுகிறது, எலக்ட்ரான் சுலபத்தில் விடுபடாது. 18 நெடுவரிசை கொண்ட இன்றைய அட்டவணை இந்த இரண்டு குடும்பங்களையும் 1, 11 என்று தள்ளித் தள்ளி வைத்தது அதனால்தான்.

இதுவரை உறவு. இனிப் பெட்டி.

1913இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், ரூதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தில் ஹென்றி மோஸ்லி என்ற இளைஞர் ஒவ்வொரு உலோகமாக எடுத்து, வெற்றிடக் குழாயில் எலக்ட்ரான்களால் மோதி, அது வெளியிடும் எக்ஸ் கதிர்களைப் புகைப்படத் தகட்டில் பிடித்தார். வேகமான மோதலில் ஆடி வீதியில் இருக்கும் ஓர் எலக்ட்ரானே பிடுங்கி எறியப்படும். அந்தக் காலியிடத்துக்கு மேல் வீதியிலிருந்து ஒன்று இறங்கி வரும். இறங்கும்போது மிச்சமாகும் ஆற்றல் எக்ஸ் கதிராக வெளிப்படும். கருவில் புரோட்டான் கூடக்கூட இழுப்பு கூடும், கதிரின் ஆற்றலும் கூடும். கடைசி வீதியில் என்ன நடக்கிறது என்பது இதைக் கிட்டத்தட்டப் பாதிப்பதில்லை. அதாவது இது வேதியியலுக்குக் காது கொடுக்காத கதிர்; கருவில் எத்தனை என்பதை மட்டும் சொல்லும்.

மோஸ்லியின் அந்தப் புகைப்படத்தை இன்றும் புத்தகங்களில் காணலாம். கால்சியத்தில் தொடங்கி ஒன்றின்கீழ் ஒன்றாகப் பட்டைகள். தனிமத்துக்குத் தனிமம் கோடு சீராக நகர்ந்துகொண்டே போகிறது. கால்சியத்துக்கும் டைட்டானியத்துக்கும் இடையே மட்டும் நகர்வு இரட்டிப்பு: ஸ்காண்டியம் அந்தப் படத்தில் இல்லை, அதற்கான இடம் வெறுமையாகத் தெரிகிறது. கடைசிப் பட்டை பித்தளை. நம் வீட்டுப் பித்தளைக் குடத்தில் இருப்பதுபோலவே அதில் செம்பும் துத்தநாகமும் கலந்திருப்பதால் செம்பின் கோடுகளும் அதற்கு ஒரு படி தள்ளித் துத்தநாகத்தின் கோடுகளும் சேர்ந்தே பதிந்தன. ஓர் உலோகக் கலவையை வெட்டாமல் கரைக்காமல் இன்னின்னது உள்ளே இருக்கிறது என்று எக்ஸ் கதிர் படித்துச் சொல்லிவிட்டது. தெற்காவணி மூல வீதிப் பெட்டி செய்வதும் இதே வேலைதான். எலக்ட்ரானால் மோதுவதற்குப் பதில் எக்ஸ் கதிராலேயே தட்டுகிறது, புகைப்படத் தகட்டுக்குப் பதில் மின்னணு உணரி வைத்திருக்கிறது.

கோபால்ட்டின் கதிருக்கு ஆற்றல் சுமார் 6,930 எலக்ட்ரான் வோல்ட். நிக்கலுக்கு 7,480. செம்புக்கு 8,050. துத்தநாகத்துக்கு 8,640. ஒவ்வொரு படியும் முந்தையதைவிடக் கொஞ்சமே பெரிது. அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தை எடுத்து வரைந்தால் புள்ளிகள் நேர்கோட்டில் விழும். கோபால்ட் நிக்கலைவிட எடை அதிகம், ஆனால் இந்தக் கணக்கில் முந்திவருவது கோபால்ட். அது 27, நிக்கல் 28. அட்டவணையின் உண்மையான வரிசை எண் இதுதான், அணு எண். டெல்லூரியம் 52, அயோடின் 53 என்று அந்தப் பழைய தகராறும் தீர்ந்தது. அணு நிறையில் நியூட்ரான்களும் சேர்ந்துகொள்வதால் வந்த குழப்பம் அது. நியூட்ரான் இருப்பது தெரிய 1932 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1914இல் மோஸ்லி வெளியிட்ட இரண்டாவது கட்டுரை அலுமினியத்திலிருந்து தங்கம் வரை, 13 முதல் 79 வரை எண் கொடுத்தது. எண் என்றால் முழு எண். 43க்கும் 44க்கும் இடையே பாதி எதுவும் இருக்க முடியாது. ஆகவே இன்னும் கண்டுபிடிக்க எத்தனை பாக்கி என்பதையும் முதல்முறையாக எண்ணிச் சொல்ல முடிந்தது. 72ஆம் எண்ணுக்குரிய ஹாஃப்னியத்தை 1923இல் கோபன்ஹேகனில் எக்ஸ் கதிரை வைத்தே பிடித்தார்கள். 75 ரீனியம் 1925இல், 43 டெக்னீசியம் 1937இல், 61 புரொமீத்தியம் 1945இல். மோஸ்லி இவற்றில் ஒன்றையும் பார்க்கவில்லை. முதல் உலகப் போரில் சேர்ந்து, 1915 ஆகஸ்டில் கலிப்போலியில் குண்டடிபட்டு இறந்தார். வயது 27.

பெட்டிக்கும் ஒரு பலவீனம் உண்டு. தங்கத்துக்குள் அதன் கதிர் ஒரு தலைமுடியின் தடிமன்கூடப் போகாது. கெட்டியாக முலாம் பூசி வந்தால் ஏமாறும். அதனால் பி.ஐ.எஸ். ஹால்மார்க் முத்திரைக்கு முன் புடம் போட்டுப் பார்க்கும் பழைய முறையும் இருக்கிறது. நகையிலிருந்து சுரண்டிய துணுக்கை வெள்ளியோடு சேர்த்து ஈயத் தகட்டில் சுற்றி உலையில் வைப்பார்கள். ஈயமும் செம்பும் உயிரகம் ஏறி நுண்துளைக் கிண்ணத்தில் ஊறிவிடும். மிஞ்சிய மணியைத் தட்டி நீட்டி நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளி கரைந்து போகும், தங்கம் மட்டும் நிற்கும். அதை நிறுத்தால் தரம். 24இல் 22 பங்கு இருந்தால் 916. ஒரே நெடுவரிசையில் இருந்தாலும் மூன்றும் ஒன்றல்ல என்பதை நம்பி நடக்கும் சோதனை இது. உறவு என்றால் சாயல், நகல் இல்லை.

பத்தர் பட்டறையில் இன்னொரு நெடுவரிசையும் புழங்கியது. கே.டி.எம். நகை என்று ஒரு காலத்தில் கடைக்குக் கடை விளம்பரம் இருந்தது நினைவிருக்கலாம். பற்றவைக்கும் பொடியில் காட்மியம் சேர்த்த நகை அது. காட்மியம் எளிதில் உருகும், 767 டிகிரியிலேயே ஆவியாகும். ஊதும்போது பெரும்பகுதி பறந்துவிடுவதால் நகையின் தரம் குறையாது. பறந்தது எங்கே போனது? ஊதினவரின் நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும். அட்டவணையில் காட்மியத்துக்கு நேர் மேலே இருப்பது துத்தநாகம். உடலின் எத்தனையோ நொதிகளுக்குத் துத்தநாகம் வேண்டும். கடைசி வீதியில் அதேபோல் இரண்டு எலக்ட்ரான்களோடு வரும் காட்மியத்தை உடல் சரியாக அடையாளம் காண்பதில்லை, உள்ளே சேர்த்துக்கொள்கிறது. மாற்றுப் பொடிக்கு ஒரு கட்டம் மேலே ஏறி அந்தத் துத்தநாகத்தையே எடுத்துக்கொண்டார்கள். பெட்டி காட்டும் பட்டியலின் கடைசியில் துளியாக வருவது பெரும்பாலும் இதுதான்.

மிகவும் உள்ளே தள்ளியிருக்கும் வீதியில் நடப்பது வெளியே அவ்வளவாகத் தெரியாது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சாட்சி குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணல். அதிலுள்ள மோனசைட் தாதுவில் லாந்தனம், சீரியம், நியோடிமியம் என்று ஒரு கூட்டமே ஒன்றாகக் கிடக்கும். அட்டவணைக்கு அடியில் தனியாக ஒட்டியிருக்கும் இரண்டு வரிகளில் மேல்வரி அது. இவற்றுக்குள் வித்தியாசம் கடைசிக்கு இரண்டு வீதி உள்ளே மட்டும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே முகம். பிரித்தெடுப்பது அதனால்தான் அவ்வளவு சிரமம்.

கடைசி வீதியில் நடப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் மதுரையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தெற்கே சிவகாசிக்குப் போக வேண்டும். இல்லையென்றால் தீபாவளி ராத்திரி மொட்டை மாடிக்குப் போனாலும் சரி. சிவப்பு மத்தாப்பில் ஸ்ட்ரான்ஷியம், பச்சையில் பேரியம், ஆரஞ்சுச் சாயலுக்குக் கால்சியம். மூன்றும் இரண்டாம் தொகுதி, கடைசி வீதியில் இரண்டிரண்டு எலக்ட்ரான். இரண்டிரண்டு என்பதால்தான் ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட்டிலும் பேரியம் நைட்ரேட்டிலும் ஓர் உலோக அணுவுக்கு இரண்டு நைட்ரேட். பொட்டாசியம் நைட்ரேட்டில், நாம் வெடியுப்பு என்பதில், ஒன்றுக்கு ஒன்று. வெப்பத்தில் வெளி எலக்ட்ரான் மேல்நிலைக்கு ஏறி, இறங்கும்போது ஒளி விடுகிறது. இறக்கம் இத்தனை என்பது தனிமத்துக்குத் தனிமம் வேறு, அதனால் நிறமும் வேறு. வாணத்தில் இந்த உலோகங்கள் குளோரினோடு சேர்ந்த மூலக்கூறுகளாக நின்றுதான் நல்ல நிறம் தருகின்றன. நீலத்துக்குச் செம்பு, செம்பும் குளோரினும் சேர்ந்த அந்த மூலக்கூறு அதிக வெப்பம் தாங்காமல் உடைந்துவிடும். நல்ல நீல வாணம் அபூர்வமாக இருப்பது அதனால்தான். பேரியம் உப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்தபோது பச்சை நிறம் மட்டும் போகவில்லை. கம்பி மத்தாப்பு எரிய உயிரகம் கொடுத்ததும் பேரியம் நைட்ரேட்தான்.

வெடியுப்பில் பொட்டாசியத்துக்குப் பதில், அதே பத்தியில் நேர் மேலே இருக்கும், விலையும் குறைந்த சோடியம் உப்பைப் போட்டால் என்ன? எரியத்தான் செய்யும். ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து நமுத்துப் போகும். அதைவிட, சோடியத்தின் மஞ்சள் வேறு எந்த நிறத்தையும் எழ விடாது. அடுப்பில் உப்புத் தண்ணீர் பொங்கினால் எழும் மஞ்சள் அதுதான்.

இந்த மஞ்சளுக்கு வெகு அருகே இன்னொரு மஞ்சள் கோடு சூரிய ஒளியில் இருப்பது 1868இல் தெரியவந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தின்போது பிரான்சின் யான்சென் அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் ஒளியைப் பிரித்துப் பார்க்கும் கருவி வைத்திருந்தார். அதே ஆண்டு இங்கிலாந்தின் லாக்யர், கோடு சோடியத்தோடு பொருந்தவில்லை என்று கண்டார். பூமியில் அப்போது யாரும் அறியாத ஹீலியம் அது. மறு ஆண்டே வெளியான மெண்டலீவின் அட்டவணையில் அதற்கு இடமே இல்லை, காலிக் கட்டம்கூட இல்லை. ஆர்கானும் ஹீலியமும் 1890களில் கையில் கிடைத்தபோது ஒரு பத்தியையே புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது; எதனோடும் எளிதில் சேராத மந்த வாயுக்களின் 18ஆம் தொகுதி.

தங்கம் ஏன் மஞ்சள் என்ற கேள்விக்கு நெடுவரிசை மட்டும் பதில் சொல்லாது. வெள்ளியின் நேர் கீழே இருப்பது வெள்ளை நிறத்தில்தான் இருந்திருக்க வேண்டும். கருவில் 79 புரோட்டான் இருக்கும்போது ஆடி வீதி எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தில் பாதியைத் தாண்டிவிடுகிறது. அந்த வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியல் தலையிடும். அதன் பாதிப்பு வெளிவரை பரவி, கடைசி வீதிக்கும் அதற்கு முந்தைய வீதிக்கும் உள்ள ஆற்றல் இடைவெளியைச் சுருக்கிவிடுகிறது. நீல ஒளியை விழுங்க அந்த இடைவெளி போதும். நீலம் போனால் மிஞ்சித் திரும்புவது மஞ்சள். பக்கத்துக் கட்டத்துப் பாதரசம் அறை வெப்பத்தில் திரவமாக இருப்பதற்கும் இதுவே முக்கியக் காரணம். அட்டவணையில் கீழே போகப் போக இந்தத் தலையீடு கூடும். 118ஆம் எண் ஓகனெசான் மந்த வாயுக்களின் பத்தியில் இருந்தாலும் அது வாயுவாகவே இருக்காது என்று கணக்குகள் சொல்கின்றன.

பாதரசம் 80, தங்கம் 79. ஒரே ஒரு புரோட்டான் வித்தியாசம். மதுரைக்குக் கிழக்கே வைகைக் கரையில் இருக்கும் திருப்பூவணத்தில், சிவன் சித்தராக வந்து பொன்னனையாளின் செம்பு, பித்தளை, ஈயப் பாத்திரங்களைப் பொன்னாக்கியதாகத் திருவிளையாடல் சொல்கிறது. நெருப்பும் மூலிகையும் பாதரசமும் வைத்து அதை மனிதர்களும் முயன்றார்கள். நூற்றாண்டுக் கணக்கில் தோற்றார்கள். உலை எவ்வளவு கொதித்தாலும் அது கடைசி வீதிக் காரியம். கருவறைக்குள் இருக்கும் எண்ணை அது தொடவே தொடாது. அந்த எண்ணை மாற்ற அணுக்கருவையே மோத வேண்டும். 1941இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் மூவர் பாதரசத்தை வேகமான நியூட்ரான்களால் தாக்கி உண்மையிலேயே தங்கம் செய்தார்கள். உரசினாலும் கரைத்தாலும் அது தங்கம்தான், எண் 79தான். ஆனால் செய்தது அத்தனையும் கதிரியக்கத் தங்கம். பெரும்பகுதி சில நாட்களில் மறுபடி பாதரசமாகிவிட்டது.